கறுத்த தேத்தண்ணியும் சேமியாக் குழாயும்

எங்கள் வளைவில் நிற்கும் ஹட்டன் பஸ்ஸின் டிரைவர் அண்ணன் ஒருநாள் நான் நீட்டிய கிளாஸை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, குடிக்காமலே மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இத பேனாவுக்குள்ள ஊத்துனா பரீட்ச எழுதலாம்," என்றார்.

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கேத்தலை டமாரென்று அடுப்பில் வைத்தேன், அவர் தலையில் வைப்பதாக நினைத்துக்கொண்டு. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தத் தேத்தண்ணி மை மாதிரித்தான் இருந்தது.

பொகவந்தலாவைப் பக்கம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கீழே ரோட்டு வளையும் இடத்தில் என் கடை. கடை என்றால் நான்கு தகரம், ஒரு அடுப்பு, உட்கார இரண்டு வாங்கு. கல்யாணம் முடித்து இந்தத் தோட்டத்துக்கு வந்த புதிதில் நானும் ஆள் எண்ணுகிற விடியற்காலைப் பெரட்டில் போய் நின்று, பேர் கொடுத்து, கூடை சுமந்தவள்தான். கொழுந்து எடுப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. ஒருவர் பின்னாலேயே வந்து "அந்தச் செடிய பாரு, இந்தச் செடிய பாரு" என்று சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நான் பதில் சொல்லாமல் இருக்கிற ஆள் இல்லை. பாக்டரியில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "ஒன் வாய்க்கு கடதான் சரி, அங்கதான் வாயும் யாவாரமும் ஒன்னா போகும்," என்று சொல்லித் தகரம் அடித்துக் கொடுத்தார். கடை நன்றாகவே போனது. காலை பஸ்ஸும் பின்னேர பஸ்ஸும் என் வளைவில் நின்று, டிரைவரும் கொண்டக்டரும் பாதிச் சனமும் இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போகும்.

பிறகு மேலே, ஓடை தொடங்குகிற பக்கம், யாரோ வந்து மாணிக்கக்கல் தேடிக் குழி தோண்டினார்கள். கல் கிடைத்ததா இல்லையா என்பது எங்களுக்குத் தெரியாது. தோண்டியவர்கள் போய்விட்டார்கள், குழிகள் போகவில்லை. ஆழக் குழிகளில் தண்ணீர் தேங்கி, மண்ணுக்குள்ளால் கசிந்து எங்கள் பீலிக்கு வரத் தொடங்கியது. பீலி என்பது எங்கள் லயத்துக்கே தண்ணீர் ஊற்றும் தூம்பு. முதலில் பீலியின் வாயில் செம்மஞ்சள் பாசி மாதிரி ஒன்று படிந்தது. வெள்ளைச் சட்டை மஞ்சளானது. சோறும் ஒரு மாதிரி மணத்தது. சோற்றின் மேல் பருப்பை ஊற்றினால் யாருக்கும் தெரியாது. தேத்தண்ணியை எதை ஊற்றி மறைப்பது? பால் ஊற்றிப் பார்த்தேன், சாம்பல் கரைத்தது போல ஆனது. துணியில் வடித்துப் பார்த்தேன், ஒரு இரவு வைத்துத் தெளிய விட்டுப் பார்த்தேன். கொதிக்கக் கொதிக்க இலையில் ஊற்றியதும் கறுத்துத்தான் போனது. உலகமே எங்கள் கொழுந்தைக் குடிக்கிறது, கொழுந்து எடுக்கிற எங்களால் ஒரு வாய் நல்ல தேத்தண்ணி குடிக்க முடியவில்லை என்று நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது.

கொஞ்ச நாளில் பஸ் நிற்பது நின்றது. வளைவில் வேகத்தைக் குறைத்து, ஹோர்ன் அடித்து, கொண்டக்டர் கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போவான். அந்தக் கையைப் பார்க்கும்போதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபம் வரும். இரண்டு வளைவு கீழே வேறொரு கடை, அங்கே தண்ணீர் வேறு ஓடையிலிருந்து வருகிறது. நான் தோட்டத்தின் அடுத்த டிவிஷனிலிருந்து கேனில் தண்ணீர் சுமந்து கொஞ்ச நாள் ஒப்பேற்றினேன். முதுகு விட்டுப்போனது.

எங்கள் லயத்துக் கங்காணி மாமா நல்ல மனிதர். ஒருநாள் காலியாகக் கிடந்த வாங்கில் உட்கார்ந்து, "ஏன் புள்ள இத கட்டிக்கிட்டு அழுவுற? மலையில ஆள் பத்தல. பேர குடுத்துட்டு வந்திரு," என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கடையை மூடினால் எனக்கு மீண்டும் பெரட்டுத்தான்.

இந்த நிலையில்தான் மிஸ் வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, தண்ணீர் சுத்தம் செய்கிற படிப்பு படித்த எஞ்சினியர். எங்கள் ஓடையைப் பார்க்க ஒரு திட்டத்தில் அனுப்பியிருந்தார்கள். காலில் சேறோடு கடைக்குள் வந்து, "அக்கா, ஒரு பிளேன்டீ," என்றார்.

"எங்க தண்ணியில பிளேன்டீ சரிவராது மிஸ்."

"அதுதான் எனக்கு வேணும்."

வேண்டுமென்றால் குடி என்று ஊற்றிக் கொடுத்தேன். கிளாஸில் தேத்தண்ணி கறுத்துக்கொண்டு வருவதைப் பார்க்கப் பார்க்க அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்தது. "ஹரி ஷோக்," என்று, ரொம்ப அழகு என்பதைச் சிங்களத்தில் சொல்லிப் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. "மிஸ்ஸுக்கு ஷோக்கா இருக்கு. எனக்கு கடய மூட வேண்டியிருக்கு," என்றேன்.

அவர் போனை உள்ளே வைத்தார். "கோவிக்க வேணாம் அக்கா. தேயிலைச் சாயத்தில இரும்பு சேர்ந்தா இப்படிக் கறுக்கும். லேப்புக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறத நீங்க ஒரு கிளாஸ்ல காட்டிட்டீங்க. அந்தக் குழித் தண்ணியில இரும்பு இருக்கு. எடுக்க ஏலும்."

சொல்லிவிட்டு அந்தக் கருமத்தை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அதன்பிறகு எங்கள் லயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளே வேறு மாதிரி ஆகிவிட்டன. எல்லோரும் சேர்ந்து கூலியில்லாச் சிரமதானம். ஆண்கள் சீமெந்தும் மணலும் சுமந்தார்கள், நாங்கள் கல் சுமந்தோம். பாட்டுப் போட ஒருவர் வீட்டு ஸ்பீக்கரையே மலைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வேலைக்குப் பாதி ஆள், வேடிக்கைக்குப் பாதி ஆள். மிஸ் சட்டையை முழங்கை வரை மடித்துக்கொண்டு சீமெந்து குழைப்பார். எங்கள் ஆட்கள் அவருக்குத் தமிழ்க் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார்கள், நான் அகப்பையை எடுத்துக்கொண்டு துரத்தினேன்.

கடைசியில் வடிகட்டி வந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் குழாய். அதன் வாயைத் திறந்து மிஸ் உள்ளே காட்டினார். வெள்ளை வெள்ளையாக நூல்கள், கட்டுக் கட்டாக நிறைந்திருந்தன.

என் நாத்தனார் எட்டிப் பார்த்தாள். என் வீட்டுக்காரரின் தங்கச்சி, எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள், மலையில் முதல் ஆளாகக் கூடையை நிரப்புகிறவள். "அண்ணி, சேமியா பாக்கெட்ட ஒடச்சு உள்ள அடச்சிருக்காங்க," என்றாள்.

மிஸ்ஸுக்குச் சேமியா என்றால் விளங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அது சேமியாக் குழாய், மிஸ்ஸும் அப்படித்தான் சொல்வார். ஒவ்வொரு நூலும் உள்ளே குழல், அதன் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள், தண்ணீர் மட்டும்தான் அதில் நுழையும், சேறும் துருவும் கிருமியும் வெளியே நின்றுவிடும் என்று விளக்கினார். கரண்டும் வேண்டாம், மேட்டிலிருந்து இறங்குகிற தண்ணீரின் அழுத்தமே போதும். தினமும் ஒரு வால்வைத் திருப்பி எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டால் மாட்டிய அழுக்கு கழன்று போய்விடும்.

"அப்ப இரும்பும் நின்னுரும்," என்றேன்.

"இல்ல அக்கா, அதுதான் கரச்சல். குழித் தண்ணி காத்தே காணாத தண்ணி. அதில இரும்பு சீனி மாதிரிக் கரைஞ்சு கிடக்கு. சீனித் தண்ணிய வடிச்சா சீனி நிக்குமா?"

"நிக்காது."

"காத்துப் பட்டாத் துருவா மாறும். துருவானா மாட்டும்."

அதற்காகத்தான் குழாய்க்கு மேலே, ஓட்டை போட்ட தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கரித்துண்டு பரப்பி, தண்ணீர் தட்டுக்குத் தட்டு மழையாகச் சொட்டிக் கீழே தொட்டியில் விழுகிற மாதிரிக் கட்டியிருந்தார். "இது நாங்க தேத்தண்ணி ஆத்துறதுதானே மிஸ்," என்று இரண்டு ஜக்கை எடுத்து உயரத் தூக்கி ஆற்றிக் காட்டினேன். மிஸ் கை தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனித் திறப்பு விழா. புதுக் குழாயைச் சில நாள் அலசி விட வேண்டும், சனிக்கிழமை தான் வந்த பிறகு குடிக்கலாம் என்று சொல்லிவிட்டு மிஸ் ஊருக்குப் போனார். கங்காணி மாமாவும் அந்தச் சனிக்கிழமையையே பிடித்துக்கொண்டார். "சரி புள்ள, அன்னக்கி தேத்தண்ணி நல்லா வந்தா ஒன் பாடு. வரலனா திங்கக்கெழம ஒன் பேர எழுதிருவேன். ஆபிசுல ஆள் கேக்குறாங்க." நானும் சரி என்று தலையாட்டினேன். கீழ்க் கடையில் பஸ் நின்றபோது டிரைவர் அண்ணனிடம் போய், சனிக்கிழமை காலை பஸ்ஸை நிறுத்தியே ஆக வேண்டும் என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பூக் கட்ட மேலே போனோம். போய்ப் பார்த்தால் மேல் தட்டில் ஒரு காக்கை குளித்துக்கொண்டிருக்கிறது. தட்டெல்லாம் செவ்வரி ஓடி, இலை விழுந்து, பார்க்கச் சகிக்கவில்லை. எங்கள் லயத்தில் குடிக்கிற தண்ணீரைத் திறந்து வைத்தால் அந்த வீட்டுப் பொம்பளையின் மானம் போய்விடும். குடத்துக்கு மூடி, வாளிக்குத் தட்டு, செம்புக்கும் ஒரு கிண்ணம் கவிழ்த்துத்தான் வைப்போம். நாளைக்கு ஊர் சனம் வந்து இந்தக் கோலத்தைப் பார்த்தால் என்ன சொல்லும்?

நாத்தனார் கீழே ஓடிப்போய்த் தன் புதுப் படங்கைக் கொண்டு வந்தாள். செடியின் ஈரம் உடம்பில் படாமல் கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த விரிப்புதான் படங்கு. இன்னும் இரண்டு பேர் தங்களுடையதைக் கொடுத்தார்கள். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை போர்த்தி, கயிறு போட்டு, நாங்கள் இடுப்பில் கட்டுவது போலவே சுற்றிக் கட்டினோம். சந்தனம் குங்குமம் வைத்தோம், செவ்வந்தி மாலை போட்டோம். "நல்லா இறுக்கிக் கட்டு" என்று சொன்னது யார் என்பதில் எங்கள் லயத்தில் இன்றைக்கும் வாக்குவாதம் உண்டு. நான் இல்லை என்பது என் கட்சி.

சனிக்கிழமை காலை மிஸ்ஸுக்கு முன்னால் பஸ் வந்துவிட்டது. எனக்குப் பொறுமை ஏது? சேமியாக் குழாயிலிருந்து கடைக்கு இழுத்திருந்த புதுப் பைப்பைத் திறந்தேன். கண்ணாடி மாதிரித் தண்ணீர். கேத்தலில் பிடித்து, கொதிக்க வைத்து, எல்லோரும் பார்க்க இலையில் ஊற்றினேன். முதலில் சிவப்பாக இறங்கியது. என் நெஞ்சு குளிர்ந்தது. பிறகு என் கண் முன்னாலேயே அது இருண்டது, இருண்டு கறுத்தது.

டிரைவர் அண்ணன் கிளாஸைப் பார்த்தார். இந்த முறை கேலி பண்ணவில்லை. "பரவால்ல தங்கச்சி," என்று மட்டும் சொன்னார். பேனாவில் ஊற்றச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பின்னேரம் திரும்பி வரும்போது பாக்குறேன்," என்று பஸ்ஸில் ஏறினார். டவுனுக்குப் போகக் கிளம்பி நின்ற கங்காணி மாமாவும் பின்னால் ஏறிக்கொண்டார்.

நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, "மாலைய போட்டமே அண்ணி, சூடம் காட்டினமா?" என்று தானும் அழுதாள். இருந்த ஆத்திரத்தில் அவளையும் இரண்டு ஏச்சு ஏசினேன்.

மிஸ் வேனில் வந்து இறங்கும்போது நான் கறுத்த கிளாஸோடு ரோட்டிலேயே நின்றேன். "மிஸ், ஒங்க சேமியா வேல செய்யல."

அவர் கிளாஸை வாங்கினார். பைப்பைத் திறந்து தண்ணீரையும் பார்த்தார். "தண்ணி தெளிவு. அப்ப குழாய் சரி. மேலதான் ஏதோ," என்று ஏறத் தொடங்கினார். லயமே பின்னால் ஏறியது.

மேலே போனதும் மிஸ் அப்படியே நின்றுவிட்டார். பொட்டு வைத்து, மாலை போட்டு, படங்கு கட்டிக்கொண்டு, மலைக்கு வேலைக்குக் கிளம்பிய பொம்பளை மாதிரி அவருடைய தட்டுகள் நின்றன. மேலே ஊற்றிய தண்ணீர் ஒரு தட்டிலும் சொட்டவில்லை. ஈரத்தில் தொய்ந்து தட்டுக்குள் மடிந்திருந்த படங்கின் மேல் வழுக்கி, நேராகத் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஒட்டாமல் வழிந்து போவதற்குத்தானே படங்கு கட்டுவது. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது.

"அக்கா," என்றார் மிஸ், "இதுக்குக் குளிரும்னா போத்தினீங்க?"

சொல்லிவிட்டு மேட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார். எனக்கு விஷயம் விளங்கியதும் ஒரு பக்கம் தலையைக் கொண்டுபோய்ப் பீலியில் முட்டலாம் போல இருந்தது, இன்னொரு பக்கம் உயிர் திரும்பி வந்தது. சேமியாவில் பிழை இல்லை. பிழை எங்கள் சுத்தத்தில்தான்.

நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. "காக்கா குளிக்குது மிஸ். எச்சம் போடுது. அதயா குடிக்கிறது?"

மிஸ் சிரிப்பை நிறுத்தினார். மேல் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்," என்றார். படங்கை அவிழ்த்துவிட்டு, மரக்கறித் தோட்டத்தில் கட்டுகிற வலையை வாங்கி வந்து, காற்று போக, காக்கை போகாதபடி சுற்றிக் கட்டினோம். மாலையைக் கழற்ற வேண்டாம் என்று மிஸ்தான் சொன்னார்.

தொட்டியைக் காலி பண்ணினோம். மிஸ் வால்வைத் திருப்பிச் சேமியாக் குழாயை எதிர்ப்பக்கமாக அலசி விட்டார், செம்மண் கரைத்தது மாதிரி ஒரு தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்தது. பிறகு காத்திருக்க வேண்டியதுதான். தட்டிலிருந்து தட்டுக்கு மழை மாதிரிச் சொட்டுகிற தண்ணீரைச் சுற்றி, பொங்கல் பானையைச் சுற்றி உட்கார்வது போல உட்கார்ந்தோம். கரித்துண்டுகள் மெல்லச் சிவந்தன. நேற்றுப் பார்த்து மானம் போகிறது என்றோமே, அதே சிவப்பு. "எவ்வளவு சிவக்குதோ அவ்வளவு நல்லம்," என்றார் மிஸ். உடனே ஆளாளுக்கு எட்டிப் பார்த்து, "செவக்குது, செவக்குது," என்று மகிழ்ந்தார்கள். மூடுபனி இறங்கியது, யாரும் எழுந்து போகவில்லை.

மிஸ் ஏதோ காகிதத்தைத் தண்ணீரில் முக்கி நிறம் பார்த்துச் சரி என்றார். எனக்குக் காகிதம் போதாது. கீழே ஓடிவந்து கேத்தலை வைத்தேன். ஊற்றினேன். சிவப்பாக இறங்கியது. காலையில் பட்ட சூட்டில் நான் கிளாஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிவப்பு சிவப்பாகவே நின்றது. விரலை அந்தப் பக்கம் வைத்தால் இந்தப் பக்கம் தெரிந்தது.

ஒரு வாய் குடித்தேன். "எங்கடி போன இவ்வளவு நாளா," என்று தேத்தண்ணியைக் கேட்டேன். நாத்தனார் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மிஸ்ஸுக்கு ஊற்றிக் கொடுத்தேன், அவர் இதற்கும் ஹரி ஷோக் என்றார்.

பின்னேர பஸ் வளைவுக்கு வரும் சத்தம் கேட்டது. நான் கிளாஸோடு வாசலில் நின்றேன். வழக்கம்போல வேகத்தைக் குறைத்தது, ஹோர்ன் அடித்தது. கொண்டக்டரின் கை வெளியே வந்து ஆடியது. பஸ் என்னைத் தாண்டிப் போனது. கொஞ்சம் தள்ளிப் போய், ஓரம் கட்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

டிரைவர் அண்ணன் இறங்கி நடந்து வந்தார். நான் கிளாஸை நீட்டினேன். வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குடித்தார். பாதியில் நிறுத்தி, கிளாஸை இன்னொரு முறை பார்த்து, மிச்சத்தையும் குடித்தார். கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குத் திரும்பிப் போனார். ஏறி, எஞ்சினை அணைத்தார்.

"டேய், எல்லாரையும் எறக்கு," என்று கொண்டக்டரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

சனம் இறங்கி வந்தது. இரண்டு வாங்கும் நிறைந்து, ரோட்டோரமெல்லாம் நின்றார்கள். கிளாஸ் போதாமல் நாத்தனார் லயத்துக்கு ஓடினாள், மிஸ் கழுவிக் கழுவிக் கொடுத்தார். நான் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் ஆற்றினேன். நெரிசலுக்குள் டவுன் பையோடு கங்காணி மாமா நின்றார். அவருக்கும் ஒன்று கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதிக் குடித்தார்.

"அப்ப திங்கக்கெழம ஒன் பேர எழுத வேணாமா புள்ள?" என்றார்.

"வேணாம் மாமா," என்றேன். "சீனி போதுமானு பாருங்க."